அணுவுக்கு எண் கொடுத்த இளைஞர்

மலருக்குக் கட்டுரை கேட்ட குழுவினர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதக் கூடாது. அதைப் பற்றி ஏற்கெனவே நாலைந்து கட்டுரை சேர்ந்துவிட்டதாம்! சரி, சாம்பாரை மற்ற நண்பர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் 27 வயதில் போரில் இறந்துபோன ஒரு இளைஞரைப் பற்றி எழுதுகிறேன்.

ராணுவத்தில் அவர் ஒரு செகண்ட் லெப்டினன்ட், சிக்னல் ஆபீசர். அதற்கு முன்னால் அவர் செய்த வேலை நம் எல்லோருக்கும் தெரியும். பெயர்தான் பலருக்கு ஞாபகம் இருக்காது. முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப் சுவரில் தொங்கியதே தனிம வரிசை அட்டவணை, அதில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண் இருக்கும். அந்த எண் வெறும் வரிசை எண் இல்லை, அணுவுக்குள்ளேயே இருக்கிற எண் என்று பரிசோதனை செய்து காட்டியவர் அவர். ஹென்றி க்வின் ஜெஃப்ரிஸ் மோஸ்லி. வீட்டில் ஹாரி.

மெக்கானிகல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் உண்டு.

நகைக்கடை மெஷின்

நான் பார்ப்பது இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பாய்லர், பிரஷர் வெசல், பைப்லைன் என்று எது தயாரானாலும், அதில் போட்டிருக்கும் உலோகம் சொன்ன உலோகம்தானா என்று சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் 316-ம் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 316-இல் இரண்டிலிருந்து மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் உப்புத் தண்ணீர் ஓடும் குழாயில் 316-க்குப் பதில் 304-ஐ மாட்டிவிட்டால், சீக்கிரமே அரித்து ஓட்டை விழுந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு கருவி உண்டு. பார்க்க ஹேர் டிரையர் மாதிரி இருக்கும். உலோகத்தின் மேல் வைத்து விசையை அழுத்தினால், சில வினாடிகளில் குரோமியம் இவ்வளவு, நிக்கல் இவ்வளவு, மாலிப்டினம் இவ்வளவு என்று திரையில் வந்துவிடும். எக்ஸ் கதிரை உள்ளே அனுப்புகிறது. உள்ளே இருக்கிற அணுக்கள் ஒவ்வொன்றும் தன் அடையாளமான எக்ஸ் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன. அதைப் படித்துச் சொல்கிறது. நகைக்கடையில் வளையலை ஒரு பெட்டிக்குள் வைத்து, ‘இத்தனை காரட் இருக்கு மேடம்’ என்கிறார்களே, அதுவும் இதே ஜாதி மெஷின்தான்.

இதற்குள் இருக்கிற கணக்கை 1913-இல் கண்டுபிடித்தவர் மோஸ்லி. அப்போது அவருக்கு 25 வயது. அதற்கு அடுத்த வருஷம் யுத்தம். அதற்கும் அடுத்த வருஷம் அவர் இல்லை.

விஞ்ஞானிக் குடும்பம்

ஹாரி பிறந்தது 1887 நவம்பர் 23 அன்று, இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வேமவுத் என்ற ஊரில். அப்பா ஹென்றி நாட்டிஜ் மோஸ்லி உயிரியல் அறிஞர். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களையெல்லாம் ஆராய்ந்து வந்த ‘சேலஞ்சர்’ கப்பலில் போனவர். பிறகு ஆக்ஸ்போர்டில் பேராசிரியர். ஹாரிக்கு நான்கு வயது நிறையும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மா அமபெல்தான் வளர்த்தார். அவரும் சாதாரணப் பெண்மணி இல்லை. 1913-இல் பிரிட்டிஷ் மகளிர் செஸ் சாம்பியன்!

ஈட்டன் பள்ளியில் ஸ்காலர்ஷிப்பில் படித்து, ஆக்ஸ்போர்டின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1910-இல் இயற்பியலில் பட்டம். என்ன கிளாஸ் தெரியுமா? செகண்ட் கிளாஸ். நம்மில் பலருக்கு இது ஆறுதலான செய்தி.

அங்கிருந்து நேரே மான்செஸ்டர். அன்றைக்கு அணு ஆராய்ச்சிக்கு அதுதான் காசி, ராமேஸ்வரம் எல்லாம். ரூதர்போர்டு அங்கே இருந்தார். அவர் சோதனைச் சாலையில் கைகரும், மார்ஸ்டெனும் தங்கத் தகட்டில் ஆல்ஃபா துகள்களை மோதவிட்டுப் பார்த்த சோதனையிலிருந்துதான், அணுவின் நடுவில் சின்னஞ்சிறு கரு ஒன்று இருக்கிறது என்று 1911-இல் ரூதர்போர்டு சொன்னார். நீல்ஸ் போர் வந்து போய்க்கொண்டிருந்தார். சார்லஸ் டார்வினின் பேரன் சார்லஸ் கால்ட்டன் டார்வின் பக்கத்து மேஜையில்.

மான்செஸ்டரில் ராத்திரி மூன்று மணி

மோஸ்லி வேலை பார்க்க உட்கார்ந்தால் நேரம் காலம் கிடையாது. ராத்திரி மூன்று மணிக்கு மான்செஸ்டரில் எங்கே சாப்பாடு கிடைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று டார்வின் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். ப்ராஜெக்ட் சமயத்தில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையே கதி என்று கிடந்தவர்களுக்கு இந்தத் தகுதியின் மதிப்பு புரியும்.

1912-இல் ஜெர்மனியில் லாவே குழுவினர் ஒரு செய்தியைச் சொன்னார்கள்: படிகத்தின் வழியே எக்ஸ் கதிரை அனுப்பினால் அது ஒழுங்கான புள்ளிகளாகப் பிரிகிறது. மோஸ்லி உடனே பிடித்துக்கொண்டார். ரூதர்போர்டுக்கு முதலில் இதில் அவ்வளவாக இஷ்டமில்லை. அந்தச் சோதனைச் சாலையில் யாருக்கும் எக்ஸ் கதிரில் பழக்கம் கிடையாது. மோஸ்லி விடவில்லை. லீட்ஸ் நகரத்தில் இருந்த வில்லியம் ஹென்றி பிராக்கிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்.

அவர் முன்னால் இருந்த கேள்வி இதுதான். மெண்டலீவ் காலத்திலிருந்து தனிமங்களை அணு எடைப்படிதான் வரிசைப்படுத்தினார்கள். ஆனால் சில இடங்களில் அது இடித்தது. கோபால்ட்டின் அணு எடை 58.93; நிக்கல் 58.69. எடைப்படி பார்த்தால் நிக்கல் முன்னால் வர வேண்டும். குணத்தைப் பார்த்தாலோ கோபால்ட்தான் முன்னால். அயோடினும் டெல்லூரியமும் இதே தகராறு. அப்படியானால் உண்மையான வரிசையை நிர்ணயிப்பது எது? கருவில் இருக்கும் மின்சுமையாக இருக்கலாம் என்று வான் டென் ப்ரூக் என்ற டச்சுக்காரர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். யோசனைதான், ஆதாரம் இல்லை.

ஆதாரத்துக்கு மோஸ்லி செய்த ஏற்பாட்டைப் பார்த்தால் எந்த ஒர்க்‌ஷாப் வாத்தியாரும் தட்டிக்கொடுப்பார். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் குட்டித் தண்டவாளம். அதன்மேல் ஒரு சின்ன வண்டி. வண்டியில் வரிசையாக வெவ்வேறு தனிமங்களின் துண்டுகள். வண்டியை இழுக்க மீன் பிடிக்கிற பட்டுக் கயிறு! ஒவ்வொரு துண்டாக எலக்ட்ரான் கற்றைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டியது. வருகிற எக்ஸ் கதிரைப் படிகத்தில் பிரித்து போட்டோ தகட்டில் பதிக்க வேண்டியது. குழாயைத் திறந்து மூடி, மறுபடி காற்றை உறிஞ்சுகிற தொல்லை இல்லை. துத்தநாகத்துக்குத் தனித் துண்டு வைக்காமல் பித்தளையை வைத்துவிட்டார். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இரண்டும் இருக்கிறதல்லவா, இரண்டு கோடுகளும் வந்துவிடும்.

கால்சியத்திலிருந்து துத்தநாகம் வரை எடுத்த படங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், கோடுகள் மாடிப்படி மாதிரி ஒரே சீராக நகர்ந்திருந்தன. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு படி. அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை எடுத்தால், அடுத்தடுத்த தனிமத்துக்கு ஒரே அளவில் கூடிக்கொண்டே போனது.

கணக்கு எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். அணு எண்ணில் ஒன்றைக் கழியுங்கள். வர்க்கம் எடுங்கள். 10.2-ஆல் பெருக்குங்கள். அந்தத் தனிமத்தின் முக்கிய எக்ஸ் கதிரின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைத்துவிடும். இரும்பு 26. ஒன்று போனால் 25, வர்க்கம் 625, பெருக்கினால் 6,375. என் கையிலுள்ள கருவி காட்டுவது ஏறத்தாழ 6,400. கோபால்ட் 27: கணக்கில் 6,895, உண்மையில் 6,930. நிக்கல் 28: கணக்கில் 7,436, உண்மையில் ஏறத்தாழ 7,480. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. கோபால்ட்டுக்குப் பின்னால்தான் நிக்கல்; தகராறு தீர்ந்தது. அந்த 10.2 என்ற எண்ணும் சும்மா வந்ததில்லை. அதே 1913-இல் நீல்ஸ் போர் ஹைட்ரஜன் அணுவுக்குச் சொன்ன 13.6-இல் முக்கால் பங்கு அது. ரூதர்போர்டின் கரு, போரின் அணு இரண்டும் வெறும் கற்பனை இல்லை என்று உலகம் நம்ப ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். பிற்காலத்தில் போரே இதைச் சொல்லியிருக்கிறார்.

அட்டெண்டன்ஸ் எடுத்தார்

1913 கடைசியில் மோஸ்லி ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பினார். சம்பளம் கிடையாது, கைக்காசைப் போட்டு வேலை. அலுமினியத்திலிருந்து தங்கம் வரை எடுத்து முடித்து, 1914 ஏப்ரலில் இரண்டாவது கட்டுரையை வெளியிட்டார். இது, க்ளாஸில் ரோல் நம்பர்படி அட்டெண்டன்ஸ் எடுத்த மாதிரி. எண் தெரிந்துவிட்டால், யார் வரவில்லை என்பதும் தெரிந்துவிடும் அல்லவா? 43, 61, 72, 75 — இந்த நாலு பேரும் ஆப்சென்ட். அதுவரைக்கும் இன்னும் எத்தனை தனிமம் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த வருஷம் பாரிஸிலிருந்து ஊர்பேன் என்ற பேராசிரியர் அபூர்வ மண் தனிமங்களின் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவற்றைப் பிரித்து அடையாளம் காண அவர் வருஷக்கணக்கில் பாடுபட்டிருந்தார். மோஸ்லி சில நாட்களில் எது எது என்று சொல்லிவிட்டார். புதுத் தனிமம் என்று ஊர்பேன் நம்பிக்கொண்டிருந்த ஒன்று அந்த மாதிரியில் இல்லை என்பதையும் சேர்த்துத்தான்.

அந்த நாலு பேரும் பின்னால் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 1923-இல் கோபன்ஹேகனில் 72, ஹாஃப்னியம். மோஸ்லியின் வழியிலேயே எக்ஸ் கதிரை வைத்துக் கண்டுபிடித்தார்கள். 1925-இல் 75, ரேனியம். 1937-இல் 43, டெக்னீஷியம். 1945-இல் 61, ப்ரொமீதியம். ரோல் நம்பர் எதுவும் மாறவில்லை. கூப்பிட்டவர்தான் அப்போது இல்லை.

ஆஸ்திரேலியா போன கப்பல்

1914 கோடையில் பிரிட்டிஷ் அசோசியேஷன் மாநாடு ஆஸ்திரேலியாவில் நடந்தது. மோஸ்லி அம்மாவுடன் போனார். ரூதர்போர்டும் வந்திருந்தார். ஆகஸ்ட் 4-ஆம் தேதி பிரிட்டன் போரில் இறங்கியது. மோஸ்லி சீக்கிரமே இங்கிலாந்து திரும்பி, ராணுவத்தில் சேர முயன்றார். ஆராய்ச்சியைத் தொடரும்படி வீட்டில் எவ்வளவோ சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. ராயல் இன்ஜினியர்ஸில் இடம் வாங்கினார். கட்டாய ராணுவ சேவை அப்போது பிரிட்டனில் கிடையாது. அது 1916-இல்தான் வந்தது. அவராகவே போனார் என்பதை மறக்கக் கூடாது.

மான்செஸ்டர் கூட்டம் முழுவதும் சிதறியது. கைகர் ஜெர்மன் பீரங்கிப் படையில். அவரோடு ஒரே மேஜையில் வேலை பார்த்த மார்ஸ்டென் எதிர்ப் பக்கத்தில். பெர்லினில் கைகரிடம் படிக்கப் போயிருந்த சாட்விக் — பின்னால் நியூட்ரானைக் கண்டுபிடித்தவர் — போர் முடியும்வரை ஜெர்மன் முகாமில் கைதி.

1915 ஜூனில் மோஸ்லியின் படைப்பிரிவு கப்பல் ஏறியது. 13-ஆவது டிவிஷன், 38-ஆவது பிரிகேட். போர்முனைக்குப் போகிற வழியில் அவர் உயில் எழுதினார். சொத்து முழுவதும் லண்டன் ராயல் சொசைட்டிக்கு. பரிசோதனை ஆராய்ச்சிக்குத்தான் செலவிட வேண்டும், சும்மா பட்டியல் போடுகிற, வகைபிரிக்கிற வேலைக்குக் கூடாது என்று கண்டிஷன் வேறு. ராணுவ உடையில் உட்கார்ந்து எழுதும்போதும் மனசு லேபில்தான் இருந்திருக்கிறது.

மலைச்சரிவில் ஒரு டெலிபோன்

போன இடம் துருக்கியின் கலிப்போலி தீபகற்பம். நேச நாடுகளின் படை ஏப்ரல் 25-இல் அங்கே இறங்கி, கரையோரத்தைத் தாண்ட முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 6 இரவு புதுத் தாக்குதல். குறி, சாரி பைர் என்ற மலைத்தொடரின் உச்சிகள். அதில் ஒன்று சுனுக் பைர்.

அந்தச் சரிவில் நம் நாட்டுப் படைகளும் இருந்தன. 29-ஆவது இந்தியப் பிரிகேட்டின் கூர்க்காக்கள் ஆகஸ்ட் 9 காலையில் மலை முகட்டையே எட்டிவிட்டார்கள். கொஞ்ச நேரம்தான். மேலே பீரங்கிக் குண்டுகள் விழ ஆரம்பித்தன. சொந்தப் பக்கத்துக் குண்டுகளே விழுந்தன என்று அப்போதே பேச்சு எழுந்தது. கூர்க்காக்கள் கீழே தள்ளப்பட்டார்கள். அவர்களுக்குத் துணையாகப் போய்ச் சேர வேண்டிய படை, பிரிகேடியர் ஜெனரல் பால்ட்வினின் கீழ் இருந்தது. இரவில் பள்ளத்தாக்குகளில் வழி தவறி, தாமதமாக, உச்சிக்குக் கீழே ‘பண்ணை’ என்று அவர்கள் பெயர் வைத்த சிறு சமதளத்தில் போய் நின்றது. மோஸ்லி அந்தப் பிரிகேட்டின் சிக்னல் ஆபீசர்.

சிக்னல் ஆபீசர் வேலை என்ன? பிரிகேட்டுக்கும் மேலிடத்துக்கும் நடுவே கம்பி அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. குண்டு விழுந்து கம்பி அறுந்தால், குண்டு விழுகிற இடத்துக்கே போய் ஒட்டிவிட்டு வர வேண்டும். மலையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கூர்க்காக்களின் கதையே போதும்.

ஆகஸ்ட் 10. விடியற்காலை. முஸ்தஃபா கெமாலின் தலைமையில் — பின்னால் துருக்கியின் அதாதுர்க் ஆனாரே, அவர்தான் — ஆயிரக்கணக்கான துருக்கிய வீரர்கள் மலைமேலிருந்து அலை அலையாக இறங்கினார்கள். பண்ணையில் கைகலப்பு. பால்ட்வின் கொல்லப்பட்டார். துருக்கியர் மிக அருகில் வந்துவிட்ட நிலையில், மோஸ்லி டெலிபோனில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தபோது தலையில் குண்டு பாய்ந்தது. அங்கேயே முடிந்துவிட்டது. 28 வயது நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

அந்த உச்சி நேச நாடுகளின் கையில் நிலைக்கவில்லை. டிசம்பரில் அந்தப் பகுதியையும், 1916 ஜனவரியில் தீபகற்பம் முழுவதையும் காலி செய்துவிட்டுப் போனார்கள். இரு பக்கமும் சேர்த்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே மாண்டார்கள்.

‘வீணாப்போச்சு’

செய்தி வந்தபோது ரூதர்போர்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார். இப்படிப்பட்ட ஒருவரை டெலிபோன் பிடிக்க அனுப்பியது ராணுவ அமைப்பின் வளைந்துகொடுக்காத தன்மை. அவருடைய அறிவை நாடு வேறு விதமாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது அவருடைய ஆதங்கம். அமெரிக்காவில் மில்லிகன், இந்தப் போர் இந்த ஓர் உயிரைத் தவிர வேறெதையும் அழிக்காமலிருந்தால்கூட அது மன்னிக்க முடியாத குற்றம்தான் என்ற பொருளில் எழுதினார். அந்த 1915-இலேயே ஸ்வீடனின் அர்ஹீனியஸ், இயற்பியல், வேதியியல் இரண்டு நோபல் பரிசுக்கும் மோஸ்லியின் பெயரைப் பரிந்துரைத்திருந்தார். அவருக்கு அந்தப் பரிசு கிடைக்கவில்லை. அவ்வருஷ இயற்பியல் பரிசு பிராக், அவர் மகன் இருவருக்கும் போனது. மகன் லாரன்ஸ் பிராக்குக்கு 25 வயது. எதிரிப் பீரங்கி எங்கே இருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வேலையில் போர்முனையில் இருந்தார். அவருடைய தம்பி ராபர்ட் அதே கலிப்போலியில், மோஸ்லி இறந்த மூன்றே வாரத்தில் இறந்திருந்தார்.

லாரன்ஸ் பிராக்கும் போருக்குத்தான் போனார். ஆனால் அவர் படித்த படிப்பு அங்கே பயன்பட்டது. இதைப் பார்க்கும்போது ரூதர்போர்டு சொன்னது நியாயம்தான் என்று தோன்றுகிறது. எந்த வேலைக்கு எந்த ஆள் என்று பார்க்காதது மோசமான நிர்வாகம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் விஞ்ஞானிகளைப் பட்டியலிட்டு, ரேடார் போன்ற வேலைகளில் வைத்துக்கொண்டது. அதைப் பேசும்போதெல்லாம் மோஸ்லியின் பெயரைச் சொல்வார்கள்.

ஆனாலும் ‘வீணாப்போச்சு’ என்ற வார்த்தை எனக்கு உறுத்துகிறது. எங்கள் பேட்ச்சில் ஈ.சி.ஈ. நண்பன் ஒருவன், கேம்பஸில் கிடைத்த ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, எஸ்.எஸ்.பி. இன்டர்வியூவில் தேறி, பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் பயிற்சி முடித்து, சிக்னல்ஸில் சேர்ந்தான். அவன் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ‘நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சது வீணாப்போச்சே தம்பி!’ அவன் அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் எல்லையில் ஏதாவது என்றால் டி.வி.யை அணைத்துவிடுவார்கள் என்று அவன் சொல்வான். அந்த அம்மாவிடம் போய், உங்கள் மகன் நோபல் பரிசு வாங்கக்கூடிய ஆள் இல்லையே, அதனால் பரவாயில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

மோஸ்லியின் விஷயத்தில் நமக்கு நஷ்டத்தின் அளவு தெரிகிறது. காரணம், அவருக்கு மான்செஸ்டரிலும் ஆக்ஸ்போர்டிலும் நாலு வருஷம் கிடைத்தது. அந்த நாலு வருஷத்தை வைத்து, மீதி நாற்பது வருஷத்தில் என்ன செய்திருப்பார் என்று கணக்குப் போடுகிறோம். அவர் பக்கத்தில் விழுந்தவர்களுக்கு அந்த நாலு வருஷம்கூடக் கிடைக்கவில்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். அந்தச் சரிவிலிருந்த கூர்க்கா வீரர்களும், எதிரே இறங்கி வந்த துருக்கியப் பையன்களும்தான். அவர்களில் யார் என்ன ஆகியிருப்பார்கள் என்று கணக்குப் போட நம்மிடம் எண் இல்லை. எண் இல்லை என்பதற்காக நஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது. 43-ஆவது கட்டம் காலியாக இருந்தபோதும் அங்கே ஒரு தனிமம் உண்டு என்று சொன்னவர் மோஸ்லி. அவர் வழியில் யோசித்தால், நாம் அதை மறுக்க முடியாது.

ஒரே நினைவுச்சின்னத்தில்

மோஸ்லிக்குக் கல்லறை கிடையாது. உடல் எங்கே என்று அடையாளம் தெரியவில்லை. கலிப்போலியின் தென்முனையில் ஹெல்லஸ் நினைவுச்சின்னம் நிற்கிறது. அதில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அவற்றில் ஒன்று மோஸ்லி. அதே நினைவுச்சின்னத்தில் அங்கே இறந்த இந்திய வீரர்களின் பெயர்களும் இருக்கின்றன. கலிப்போலிக்குப் போன இந்தியர்கள் சுமார் 15,000 பேர். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அந்தக் கல்லில் விஞ்ஞானி என்றோ விவசாயி என்றோ போடவில்லை. எந்தப் படைப்பிரிவு என்பதுதான் கணக்கு.

நம் பக்கத்தில் அதுகூட இல்லாத கல்லும் உண்டு. வேலூர் மணிக்கூண்டில் முதல் உலகப்போர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் 277 பேர், அவர்களில் உயிர்விட்டவர்கள் 14 பேர் என்று சொல்கிறது. அவ்வளவுதான். பெயர்கள் இல்லை. அந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். அந்தப் பதினான்கு பேருக்கும் அம்மா இருந்திருப்பார்.

நம் சங்கக் கூட்டத்தில் மறைந்த நண்பர்களுக்காக இரண்டு நிமிடம் எழுந்து நிற்பது வழக்கம். இந்த முறை நிற்கும்போது, நம் கல்லூரியிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்களின் பட்டியல் ஒன்று தயாரிக்கலாமா என்றும் யோசித்து வையுங்கள். பேட்ச்வாரியாக, பெயரோடு. யார் எங்கே வேலை பார்த்தார்கள், யார் பத்திரமாக வீடு திரும்பினார்கள், யார் திரும்பவில்லை என்ற விவரத்தோடு. செயலாளர் சம்மதித்தால் எங்கள் பேட்ச்சின் பங்கை நான் சேகரித்துத் தருகிறேன். முதல் பெயர் தயாராக இருக்கிறது. லீவு கிடைத்தால் அவனே இந்தக் கூட்டத்துக்கு வந்துவிடுவான். மெஸ் சாம்பாரைப் பற்றிய விவாதத்துக்கு அவனைவிட நல்ல சாட்சி கிடையாது.

எல்லோரையும் நேரில் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்.